ஏழு நாள் அறிவிப்பு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் வீடு கட்டுகிறவனுக்கு இருந்த கவலைகள் பணமும், மரமும், கொத்தனாருந்தாம். நகரங்கள் பெருகிய பின்னர் நான்காவது கவலை ஒன்று வந்து சேர்ந்தது. அதுவே நகரசபையின் அநுமதி. சொந்த மண்ணில் சொந்தப் பணத்தில் கட்டுகிற சுவருக்கு மற்றொருவரிடம் ஏன் உத்தரவு கேட்க வேண்டும் என்று முணுமுணுக்காதவர் அரியர்.

ஆயினும் நகரசபைக்கு அந்த அதிகாரம் காரணமின்றி வந்ததன்று. 1896 ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில், ஒரே அறையில் பலர் நெருங்கி வாழ்ந்த வீடுகளில், அந்நோய் வாரி வாரிக் கொண்டு போயிற்று. அதன் விளைவாக 1898 இல் அந்நகரில் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. லண்டனிலும் இதே கதைதான். அங்கே நோயின் பெயர் காலரா. ஒருவன் தன் வீட்டுச் சாக்கடையை மனம்போனபடி கட்டினால் தெரு முழுவதும் அதன் பலனை அநுபவிக்கிறது. ஆகவே தனிமனிதன் கட்டுவதை ஊர் கண்காணிப்பது நியாயமே. அந்த அதிகாரத்தை ஊர்ச்சபை எவ்வாறு செலுத்த வேண்டும் என்பதே நாம் ஆராயவேண்டிய விஷயம். குறிப்பாக, கட்டிய வீட்டை இடிக்கப் புறப்படும்போது அதில் குடியிருப்பவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா, வேண்டாமா? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்களின் முன் வந்து கொண்டிருக்கும் கேள்வி இது.

முதலில் லண்டனுக்குச் செல்வோம். 1855 இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அந்த மாநகரத்தின் நிர்வாகத்துக்கென ஒரு சட்டம் செய்தது. புதிய வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர் ஏழு நாட்களுக்கு முன்பே வட்டாரச் சபைக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது அதன் 76 ஆம் பிரிவு. சாக்கடை எந்த மட்டத்தில் அமைய வேண்டும் என்பதைச் சபை முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்காக அந்த ஏற்பாடு. அறிவிப்புக் கொடாமல் கட்டினால் சபை அந்தக் கட்டடத்தை இடித்துவிடலாம். இடிப்பதற்கு முன் வீட்டுக்காரரை விசாரிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வாண்ட்ஸ்வொர்த் என்னும் பகுதியில் கூப்பர் என்பவர் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். தாம் அறிவிப்பு அனுப்பியதாக அவர் சொன்னார். வரவில்லை என்றது சபை. அனுப்பியதாகச் சொன்ன நாளுக்கும் வேலை தொடங்கிய நாளுக்கும் இடையே ஏழு நாள் இல்லை, ஐந்து நாட்களே இருந்தன என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே தவறு அவர்மேல் என்பதில் ஐயமில்லை. வீடு இரண்டாவது தளம் வரை எழும்பி விட்டது. ஒரு நாள் மாலை, பொழுது போன வேளையில், சபையின் சர்வேயர் ஆட்களோடு வந்தார். முன்னறிவிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. கட்டிய மட்டும் அனைத்தையும் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள்.

கூப்பர் சபையின்மேல் வழக்குத் தொடுத்தார். சட்டம் கொடுத்த அதிகாரத்தையே செலுத்தினோம் என்று சபை வாதாடிற்று. 1863 இல் தீர்ப்புக் கிடைத்தது, வென்றவர் கூப்பர். தலைமை நீதிபதி எர்ல் நடைமுறையை ஒட்டியே ஆராய்ந்தார். விசாரித்திருந்தால் இந்த மனிதர் ஏதேனும் சமாதானம் சொல்லியிருக்கக் கூடும். அறிவிப்பு வழியில் தவறிப் போயிருக்கலாம். தவறே ஆயினும், அதற்கு வீட்டையே இடிப்பது மிகை என்று சபைக்கே தோன்றியிருக்கலாம். கேட்பதனால் சபைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே என்பது அவர் கருத்து. நீதிபதி பைல்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். சட்டம் வாய் திறவாத இடத்தில் நீதி முறை அக்குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்று அவர் கூறினார். அதற்கு அவர் துணைக்கழைத்தது 1723 ஆம் ஆண்டின் பழைய வழக்கொன்றை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்ட்லி என்ற பேரறிஞரின் பட்டங்களை விசாரியாமல் பறித்தது; நீதிமன்றம் அவற்றைத் திருப்பித் தரச் செய்தது. ஏதேன் தோட்டத்தில் விலக்கப்பட்ட கனியை ஆதாம் உண்டதை எல்லாம் அறிந்த இறைவன் அறியாதவனா? அறிந்திருந்தும், ஆதாமை அழைத்து வினவிய பிறகே தண்டித்தான் என்று அவ்வழக்கில் ஒரு நீதிபதி எடுத்துக் காட்டியிருந்தார். தமிழ் மக்களுக்கு இந்த நீதி புதிதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் உயிர் துறந்தது, தீர விசாரியாத ஒரே பிழைக்காகத்தான்.

கூப்பர் வழக்கில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. குற்றம் செய்தவனையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றே சொல்லிற்று.

இந்த நெறி அதன்பின் ஒரே சீராக வளர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1909 இல் இங்கிலாந்தில் வீட்டு வசதி, நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் லண்டனின் ஹாம்ஸ்டெட் நகரசபை ஒரு வீட்டை மனிதர் வாழத் தகாதது என்று மூட உத்தரவிட்டது. உரிமையாளர் ஆர்லிட்ஜ் மேலதிகார வாரியத்துக்கு முறையிட்டார். ஓர் அதிகாரி நேரில் வந்து விசாரித்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையை ஆர்லிட்ஜுக்குக் காட்டாமலே வாரியம் முறையீட்டைத் தள்ளிற்று; முடிவு செய்தவர் யார் என்றும் அவருக்குத் தெரியாது. இடைநிலை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றபோதிலும், பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிர்வாக வாரியம் தனக்குரிய முறையில் நேர்மையாக நடந்தால் போதும், கோர்ட்டைப் போல் நடக்க வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. அதன் பின்னர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கூப்பரின் நெறி ஒளி மங்கியே கிடந்தது. 1963 இல், பிரைட்டன் நகரப் போலீஸ் தலைவர் ஒருவரை விசாரியாமல் நீக்கிய வழக்கில், பிரபுக்கள் சபையே அதற்கு மீண்டும் உயிரளித்தது.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1915 இல் பம்பாய் மாகாணத்திலும், 1920 இல் சென்னை மாகாணத்திலும் நகர அமைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அந்தக் காலத்திலேயே ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் நம் ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். அகலமான சாலை ஒன்றுக்காகப் பேட்டை முழுவதையும் இடித்துத் தள்ளும் வழக்கத்தை அவர் கண்டித்தார். நல்ல வைத்தியன் நோயுள்ள இடத்தை மட்டும் அறுப்பான், உடல் முழுவதையும் அறுக்கமாட்டான் என்பது அவர் கொள்கை. பாராட்டியவர்கள் பலர்; பின்பற்றியவர்கள் சிலர்.

நகரசபையின் முடிவு தவறென்று கருதிய இந்தியக் குடிமகன் அந்நாளில் எங்கே போவது? சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அது முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதிகாரியின் உத்தரவை வரவழைத்து ரத்துச் செய்யும் ரிட் என்னும் ஆணையை இடும் அதிகாரம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஹைக்கோர்ட்டுகளுக்கு மட்டுமே இருந்தது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1943 இல் பர்லாகிமிடி ஜமீன் குடிகளின் வழக்கில், சென்னை ஹைக்கோர்ட்டின் அந்த அதிகாரம் பட்டணத்து எல்லைக்கு வெளியே பொதுவாகச் செல்லாது என்று பிரிவி கௌன்சில் தீர்த்துவிட்டது. மயிலாப்பூரில் இருப்பவருக்குக் கிடைக்கக்கூடிய பரிகாரம் மதுரையில் இருப்பவருக்குக் கிடையாது! 1950 ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 226 ஆம் பிரிவுதான் இந்தச் சுவரை இடித்தது. அன்றுமுதல் எந்தச் சிற்றூர் நகரசபையின் தீர்மானத்தையும் மாநில ஹைக்கோர்ட்டின் முன் நிறுத்த வழி பிறந்தது.

அவ்வாறு வந்த வழக்குகளில் உடுப்பி வழக்கு சுவையானது. 1956 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த தென் கன்னடத்து ஊர் அது. அங்கே குடியிருப்புக்கென ஒதுக்கிய பகுதியில் கல்யாண மண்டபமும் சொற்பொழிவு மண்டபமுமாக ஒரு கட்டடம் எழுப்ப ஒருவர் அநுமதி பெற்றார். பிறகு அதையே சினிமாக் கொட்டகையாக மாற்ற விண்ணப்பித்தார். நகரசபையும் தீர்மானம் போட்டு இசைந்தது. அப்பகுதியில் வாழ்ந்த ஒருவர் எதிர்த்து வழக்காடினார். நகர அமைப்புத் திட்டத்துக்கு இது மாறானதே என்று ஹைக்கோர்ட்டு கண்டது. ஆனால் கட்டியவர் பெருந்தொகை செலவழித்துவிட்டாரே என்று இரங்கி, தலையிட மறுத்தது. 1974 இல் சுப்ரீம் கோர்ட்டு அந்த இரக்கத்தை ஏற்கவில்லை. இல்லாத அதிகாரத்தைக் கொண்டு கொடுத்த அநுமதி செல்லாது. செலவான பணம் அதைச் செல்லச் செய்யாது. அமைதியாக வாழ உரிமை பெற்ற அக்கம்பக்கத்தார்க்கும் திட்டத்தை அமல் நடத்தக் கோரும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இதிலே புதுமை யாதெனில், வழக்காடியவர் வீடு இழந்தவரும் அல்லர், நிலம் இழந்தவரும் அல்லர். அண்டை வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும் என்பது இங்கே நிலைபெற்றது.

பெங்களூரிலும் இவ்வாறே நடந்தது. ராஜமகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென விட்ட நிலத்தைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குத் தர 1976 இல் உத்தரவாயிற்று. மருத்துவமனையும் நல்லதுதானே என்ற வாதத்தை 1991 இல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளி, பூங்கா பூங்காவாகவே இருக்கும்படி செய்தது. அதே ஆண்டில் பம்பாயில் 36 மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சி எட்டு மாடிகளை மாநகராட்சி இடிக்கச் சொன்ன உத்தரவும் உறுதியாயிற்று. உள்ளூர்ச் சபைக்கு எதிராக மட்டுமே நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன என்று நினைப்பது சரியன்று.

இதுவரை நாம் கண்டவர்கள் அனைவரும் பட்டா உடையவர்கள். அல்லது பட்டா உடையவரின் பக்கத்து வீட்டார். ஒரு துண்டு நிலமும் இல்லாதவன் நகரசபையைக் கேள்வி கேட்க முடியுமா? அந்தப் பரீட்சை பம்பாயில் நடந்தது.

1981 ஜூலை 13 ஆம் தேதி, நல்ல மழைக்காலத்தில், பம்பாயின் நடைபாதைகளில் வாழ்வோரை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பிவிடப் போவதாக மாநில முதலமைச்சர் அறிவித்தார். நடைபாதைவாசிகள் ஹைக்கோர்ட்டை அண்டினார்கள். ஜூலை 21 வரை தடை கிடைத்தது. அன்று, அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஜூலை 23 ஆம் தேதியே குடிசைகளைப் பிரித்து, மக்களை அரசாங்கப் பஸ்களில் ஏற்றினார்கள்.

அந்த வழக்கின் மனுதாரர்களுள் ஒருவர் நம் சேலத்தைச் சேர்ந்தவர். நிலமற்ற விவசாயக் கூலி. வறட்சியினால் வேலையின்றி 1961 இல் பம்பாய் சென்றார். தஹிஸரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவருக்கு நாட்கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்டு அமைத்த ஒரு மறைவிடத்துக்காக, அப்பகுதியைத் தன் கைக்குள் வைத்திருந்த ஒருவன் அவரிடம் பறித்தது 2,500 ரூபாய். பட்டா இல்லாத நிலத்துக்கும் விலை உண்டு போலும்! ஜூலை 23 ஆம் தேதி அவருடைய குடிசையும் போயிற்று. குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றப்பட்டார். மனைவி மக்கள் ஊரிலே தங்கிவிட்டனர். அவரோ வேலைக்காக மீண்டும் பம்பாய் வந்து மற்றொரு நடைபாதைக் குடிசையில் புகுந்தார். தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் செய்தி இது. இருபது ஆண்டு உழைத்த ஊரிலிருந்து பஸ் ஏற்றியனுப்பினால், வயிறு திரும்பி அழைத்து வந்துவிடுகிறது. இவர்களோடு சேர்ந்து மனுச் செய்த பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸின் பெயராலேயே அந்த வழக்கு இன்று வழங்குகிறது.

மாநகராட்சி காட்டிய ஆதாரம் 1888 ஆம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314 ஆம் பிரிவு. தெருவிலோ நடைபாதையிலோ உள்ள ஆக்கிரமிப்பை முன்னறிவிப்பு இன்றியே கமிஷனர் அகற்றலாம் என்று அது கூறுகிறது. லண்டன் சட்டம் விசாரணையைப் பற்றி மௌனம் சாதித்தது. பம்பாய்ச் சட்டமோ அறிவிப்பே வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லிற்று. அன்றியும், பொது வழியை அடைத்திருப்பவன் விசாரணையில் சொல்லத்தான் என்ன இருக்கிறது, கேட்பது வீண் சடங்கல்லவா என்றும் மாநகராட்சி வாதாடிற்று.

1985 ஜூலை 10 ஆம் தேதி, பிரதம நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். உயிர் வாழும் உரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் 21 ஆம் பிரிவில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றனர். வேலைக்கு அருகில் இருக்கவே இவர்கள் நடைபாதையில் கிடக்கிறார்கள். குடிசையைப் பறித்தால் பிழைப்பையும் பறித்ததாகும் என்பது அவர்கள் கண்ட உண்மை. 314 ஆம் பிரிவுக்கும் புதுப்பொருள் கொடுத்தார்கள். அறிவிப்பின்றி அகற்றலாம் என்றால், அப்படியே அகற்ற வேண்டும் என்று பொருளாகாது. அறிவிப்பே பொது விதி. அவசரம் மிக்க அபூர்வ சந்தர்ப்பம் மட்டுமே விலக்கு. விசாரணையால் முடிவு மாறாது என்ற வாதத்துக்கும் விடை சொன்னார்கள். தன் வாழ்வைப் பாதிக்கும் முடிவில் தன் குரலும் ஒலிக்கப் பெறுவது மனிதனுக்குரிய மதிப்பு. அதனால் பயன் விளையுமா என்பது வேறு கேள்வி. லண்டன் கூப்பருக்குக் கிடைத்த நீதி சேலத்துக் கூலியாளுக்கும் கிடைத்தது.

ஆனால் முடிவு? நடைபாதையில் நிலையாகத் தங்க எவருக்கும் உரிமை இல்லை. மாநகராட்சி அகற்றலாம் என்பதே முடிவு. கமிஷனர் கேட்கத் தவறியதை நாங்களே இந்த மன்றத்தில் விரிவாகக் கேட்டுவிட்டோம், ஆகவே கமிஷனரிடம் திருப்பியனுப்பத் தேவையில்லை என்றார்கள். இந்த இடம் மட்டும் என் மனத்துக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது. டில்லியில் பெரிய வக்கீல்கள் வாதித்ததும், தன் குடிசையைப் பற்றித் தானே ஒருவன் கமிஷனரிடம் எடுத்துச் சொல்வதும் ஒன்றாகுமா? எனினும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மழைக்காலம் கழியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, குடிசைகளை அகற்றலாகாது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும். இருபது ஆண்டுக்கு மேல் நிலைத்துச் சீர்திருத்தமும் பெற்ற குடிசைப் பகுதிகளைப் பொதுக் காரியத்துக்கு நிலம் தேவைப்பட்டாலன்றி அகற்றலாகாது. அகற்றினால் மாற்றிடம் தரவேண்டும்.

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகள் சட்டத்துக்கு மாறாகக் கட்டப்பட்டவை என்று காரணம் காட்டி, சில மாநிலங்களில் புல்டோசர் கொண்டு உடனுக்குடன் இடிக்கப்பட்டன. 2024 நவம்பர் 13 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகள் கவாய், விசுவநாதன் இருவரும் இதில் பொது விதிகளை வகுத்தனர். குற்றவாளி யார் என்று தீர்மானிப்பது நிர்வாகத்தின் வேலையன்று. குடும்பத்தில் ஒருவர்மேல் குற்றச்சாட்டு இருக்கலாம், அதற்காக மற்றவர் கூரையை இழக்கலாகாது என்றனர். காரணம் கேட்கும் அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பி, கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். பதினைந்து நாளோ, உள்ளூர்ச் சட்டம் அதற்கு மேல் அவகாசம் கொடுத்தால் அந்த அவகாசமோ கொடுக்க வேண்டும். வீட்டுக்காரரை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். ஒரு பகுதியை இடித்தால் போதாதா, முழுவதையும் இடிக்கத்தான் வேண்டுமா என்று இறுதி உத்தரவிலே காரணம் எழுத வேண்டும். உத்தரவுக்குப் பின்னும் பதினைந்து நாள் பொறுக்க வேண்டும். இடிப்பதைப் படம் பிடித்து வைக்க வேண்டும். மீறிய அதிகாரி தம் சொந்தப் பணத்திலிருந்து மீண்டும் கட்டிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். கடைசி விதியைக் கண்டால் வாண்ட்ஸ்வொர்த் சர்வேயர் அந்த மாலையில் வெளியே கிளம்பியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

இவ்விதிகளுக்கு விலக்கும் உண்டு. நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்டவை ஒரு வகை. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு முதலிய நீர்நிலைகள் போன்ற பொது இடங்களில் அநுமதியின்றி எழுந்த கட்டடங்கள் மற்றொரு வகை. ஆகவே கித்தான் மறைவில் நடைபாதையில் வாழ்பவருக்கு 2024 ஆம் ஆண்டின் பதினைந்து நாள் உரியதன்று. அவர் கையில் இருப்பவை அந்தந்த மாநிலத்துக் குடிசைப் பகுதிச் சட்டமும், சேலத்துக் கூலியாள் மனுதாரராக நின்ற வழக்கில் 314 ஆம் பிரிவுக்கு 1985 இல் கிடைத்த பொருளுமே.